காத்திருத்தல் பற்றிய ஓர் ஆய்வு

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவர்கள் என்னிடம் தாமாகவே பேசத் தொடங்கிவிடுவார்கள். ஏறும்போது முன்பின் தெரியாத ஆளாக இருப்பவர், கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் மருமகளோடு என்ன தகராறு என்பது வரை சொல்லி முடித்திருப்பார். நான் ஒன்றும் செய்வதில்லை. தலையை லேசாக ஆட்டுவேன். குறுக்கே பேச மாட்டேன், அவ்வளவுதான். என் மனைவி விமலாராணிக்கு இது ஒரு கேலி. "ஊருல இருக்கறவங்க கதைக்கெல்லாம் காது குடுக்கறீங்க. ஊட்டுல கேஸ் தீந்துபோச்சுன்னா மட்டும் காதுல உழறதில்லைங்க" என்பாள்.

என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். என் பெயர் தேவானந்தம். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் தகவல்தொடர்பியல் பேராசிரியர். காவல் நிலையத்தில் உங்களையும் ஆய்வாளர் என்கிறார்கள், கல்லூரியில் என்னையும் ஆய்வாளர் என்கிறார்கள். காலையில் நீங்கள் விசாரித்ததைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பதில் முடிவதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அப்படிக் கேட்டால் ஒரு ஆள் தான் செய்ததைச் சொல்வானே தவிர, பட்டதைச் சொல்ல மாட்டான். எனக்கு எப்போதும் வேண்டியிருந்தது பட்டதுதான்.

எங்கள் ஆராய்ச்சியில் கணக்கு வழக்கு கிடையாது. எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்றெல்லாம் பார்க்க மாட்டோம். ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை உள்ளுக்குள் எப்படி அனுபவித்தார், அதை எந்தச் சொல்லில் சொல்கிறார், எந்த இடத்தில் சொல்ல முடியாமல் நின்றுபோகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் வேலை. கேட்டதைப் பதிவு செய்து, ஒரு வார்த்தை விடாமல் எழுத்தில் இறக்கி, திரும்பத் திரும்பப் படிப்போம். இதற்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. பங்கேற்கிறவரின் பெயரை வெளியிடக் கூடாது, புனைபெயர்தான் வைக்க வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. நம் எண்ணத்தை அவர் வாயில் திணிக்கக் கூடாது. முதல் வகுப்பிலேயே இதையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிவிடுவேன்.

கூடவே இன்னொன்றும் சொல்வேன். பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதே. சும்மா இரு. அந்த மௌனத்தை அவரால் தாங்க முடியாது. அதை நிரப்ப அவராகவே ஒன்று சொல்வார், அதுதான் அசல். இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று மற்றக் கல்லூரிக்காரர்களே சொல்வதுண்டு.

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு காத்திருத்தல். வீட்டை விட்டுப் போனவர்களுக்காகக் காத்திருப்பவர்கள் அந்தக் காலத்தை எப்படி வாழ்கிறார்கள் என்பது. விசாரித்துக்கொண்டு போனதில் பொள்ளாச்சி பக்கம் ஒரு தோப்பு வீட்டில் அம்புஜம் கிடைத்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தென்னை விவசாயம். வாசலில் கொப்பரை காயப்போடும் களம். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், ஒரே மகன் ரவிதேஜா காணாமல் போயிருந்தான்.

நடந்தது இதுதான். அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மகன் பைக் ஓட்டிப் போயிருக்கிறான். வளைவில் தேங்காய் லாரி. அப்பா அந்த இடத்திலேயே போய்விட்டார், மகனுக்குப் புருவத்தில் ஒரு வெட்டோடு சரி. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை அவன் அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"ஆத்தாமையில சொல்லிப்போட்டேனுங்க சார். உன்ற மொகத்துல இனி முழிக்க மாட்டேன்னு. அவன் தலையக் குனிஞ்சுட்டே எந்திரிச்சுப் போனான். பல்லு வெளக்கத்தான் போறான்னு நெனைச்சேன்" என்றார் அம்புஜம்.

அதற்குப் பிறகு அவர் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. ராத்திரி சோறு வடித்தால் அவனுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். மழை வந்தால் கொப்பரையை அள்ளுவதற்கு முன் பாதையைப் பார்ப்பார். இப்படிப்பட்ட விவரங்கள் கிடைப்பது அபூர்வம். ஒரு தடவை போனால் இன்னொரு தடவை போகத் தோன்றும். அவரும் எனக்காகக் காத்திருக்கத் தொடங்கியிருந்தார். நான் போகும் நாளில் இளநீர் வெட்டி வைத்திருப்பார்.

ஒரு நாள் கிளம்பும்போது அவர் கேட்டார். "நீங்க நாலு ஊரு போறவரு. எங்கயாச்சும் அவன் கண்ணுல பட்டா, அம்மா அத மனசுல வெச்சுச் சொல்லலைன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாங்க."

தலையை ஆட்டினேன். கேட்டுக்கொண்டேன் என்றுதான் அதற்கு அர்த்தம். செய்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

உங்கள் துறைக்காரர்கள் புகாரை வாங்கி, போட்டோவை ஒட்டி, அத்தோடு விட்டுவிட்டார்கள். அவனைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம்தான் ஆயிற்று. அவன் சின்ன வயதில் ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடி போனால் ஆற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவான், கூப்பிட்டாலும் வர மாட்டான் என்று அம்புஜம் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். கேட்டவர்கள் எல்லோரும் அதை ஒரு தாயின் பழைய ஞாபகம் என்று விட்டிருப்பார்கள். நான் பஸ் ஏறிப் போனேன். கொடுமுடிப் படித்துறைக்குப் போகும் வழியில் அப்புசாமி என்பவரின் பூசைச் சாமான் கடை. அதில் ஒரு பையன் எள்ளையும் தர்ப்பையையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். புருவத்தில் தழும்பு.

அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை மறைக்கப் போவதில்லை. கண் கலங்கிவிட்டது. உடனே போனை எடுத்து அம்புஜத்தின் எண்ணைத் தேடினேன். பெயர் திரையில் வந்துவிட்டது. அப்போதுதான் யோசித்தேன். இப்போது சொன்னால் அவர் அண்ணனோடு ஒரு காரை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். கட்டிக்கொண்டு அழுவார்கள். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். நல்லதுதான், ஆனால் அது எந்த ஊரிலும் நடக்கிற கதை. இங்கே எனக்கு வாய்த்திருப்பதோ வேறு. காத்திருக்கிறவரும் இருக்கிறார், காக்க வைத்தவரும் இருக்கிறார், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசத் தயாராக இருக்கிறார்கள். நான் படித்த வரையில் யாருக்கும் இப்படி அமைந்ததில்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு கற்பூர டப்பி வாங்கினேன்.

என் மேல் சந்தேகப்படுவதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் பங்குச் சாமியார் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்ல மாட்டார். பெற்ற தாய் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டார். அவரை யாரும் கல்நெஞ்சன் என்று சொல்வதில்லை. ரவிதேஜாவிடம் நான் எதையும் மறைக்கவும் இல்லை. அடுத்த தடவை போனபோது நான் யார் என்று சொன்னேன். அவன் அம்மாவையும் சந்தித்து வருகிறேன் என்று சொன்னேன். அவர் சொன்னதை இங்கே சொல்ல மாட்டேன், நீ சொல்வதை அங்கே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கட்டிக்கொண்டிருந்த பொட்டலம் அவன் கையிலிருந்து நழுவி எள் முழுக்கத் தரையில் கொட்டிவிட்டது.

"நல்லா இருக்காங்களா சார்?"

"அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லைங்க தம்பி."

அப்போதே எழுந்து ஊருக்கு பஸ் ஏறியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஏறியிருக்கலாம். நான் கையைப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் முழிக்க மாட்டேன் என்று சொன்ன முகத்தைக் கொண்டுபோய் எப்படி நிற்பது என்பதுதான் அவன் பிரச்சினை. அதற்கு அவனுக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் நான் போகும்போதெல்லாம் கடையை அப்புசாமியிடம் விட்டுவிட்டு ஓடி வருவான், கேட்டதற்கெல்லாம் சொல்வான், கேட்காததையும் சொல்வான். அவ்வளவு நல்ல பங்கேற்பாளரை நான் பார்த்ததில்லை.

பதிவுகளை எழுத்தில் இறக்கியது லின்சி, என்னிடம் முனைவர் பட்டம் செய்யும் பெண். இருவரையும் அவள் நேரில் பார்த்தது கிடையாது, குரல்தான் தெரியும். ஒரு நாள் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே என் அறைக்கு வந்துவிட்டாள்.

"சார், பொள்ளாச்சி அம்மாவும் கொடுமுடிக்காரரும் ஒரே ஆக்சிடென்ட்டத்தான் சொல்றாங்க."

"நல்ல கவனிப்பு" என்றேன்.

"அப்ப அவங்ககிட்டச் சொல்லிறலாங்களா சார்? அந்தம்மா இன்னும் தாழ்ப்பாள் போடாம படுத்திருக்காங்க."

ஒப்புதல் படிவத்தை எடுத்துக் காட்டினேன். சொன்னதை வெளியிட மாட்டோம் என்ற வரியைப் படிக்கச் சொன்னேன். அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான் என்பதையும் நினைவுபடுத்தினேன். மிரட்டினேன் என்று அவள் சொல்லியிருந்தால் அது சரியல்ல. உண்மையில் நான்தான் போட வேண்டும்.

கடைசியாக ரவிதேஜாவைப் பார்த்தது படித்துறையில். உச்சி வெயில், பரிகாரக் கூட்டம் கலைந்திருந்தது. அவன் முகம் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டிருந்தான். ஏதோ முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"ஊட்டுக்குப் போலாம்னு இருக்கேனுங்க சார். அம்மா உள்ள உடுவாங்களா?" கொஞ்சம் பொறுத்து அவனே சொன்னான். "நீங்க வாய தொறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. உடுவாங்கன்னா தலைய மட்டும் ஆட்டுங்க. போதும்."

பஸ்ஸில் ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் ஆட்டுகிற தலைதான். அன்று ஆட்டவில்லை. ஆட்டினால் அது பதில் ஆகிவிடும். அவன் பேச்சு நின்றிருந்தது. பேச்சு நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். சும்மா இருந்தேன். பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு ஆற்றைப் பார்த்தான்.

"புரிஞ்சுதுங்க" என்றான். "அவங்க சொன்னதுல தப்பில்லைங்க. நானே என்ற மொகத்தக் கண்ணாடியில பாக்கறதில்லை. சவரம்கூடத் தடவிப் பாத்துத்தானுங்க பண்றேன்."

என் ஆய்வு முழுவதிலும் அதுதான் மிகச் சிறந்த வாக்கியம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு ஈரோடு பஸ் ஏறினேன்.

அடுத்த தடவை போனபோது கடையில் அப்புசாமி மட்டும் இருந்தார். "நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே பையன் கெளம்பிட்டானுங்க. ஊட்டுக்குப் போயிருப்பான்னு இருந்துட்டேன்" என்றார். ஆற்றில் கொஞ்சம் கீழே ஒரு உடலை எடுத்ததாகப் படித்துறையில் பேசிக்கொண்டார்கள். அப்புசாமி அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், காணாமல் போன ஒருவரைத் தேடுகிறேன் என்று சொன்னதும் பிணவறை ஊழியர் துணியை விலக்கிக் காட்டினார். தவறி விழுந்தானா, தானே இறங்கினானா என்று என்னால் சொல்ல முடியாது. புதுச் சட்டைதான் போட்டிருந்தான்.

"தெரிஞ்சவருங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். ஆமாம், அவனை எனக்குத் தெரியும், தெரியாது என்று சொன்னேன். பங்கேற்பாளரின் அடையாளத்தை யாரிடமும் வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். இறந்துவிட்டால் அந்த வாக்கு இல்லையென்று ஆகிவிடும் என அதில் எங்கும் இல்லை. கேட்பார் இல்லாத பிணம் என்று பிறகு அவர்களே புதைத்துவிட்டார்கள். திரும்பும்போது ஈரோடு வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிலருக்குக் கேட்கத் தெரிவதில்லை.

அம்புஜத்தைப் பார்க்கப் போவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவர் தனியாகிப் போயிருப்பார். ஆனால் ஒரு நாள் போனபோது வாசல் கதவு தாழிட்டிருந்தது. தட்டித்தான் உள்ளே போனேன். அவர் அண்ணன் சீனிவாசலு கோவையிலிருந்து வந்திருந்தார். மில் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், சத்தமாகப் பேசுகிறவர்.

"நீங்களே சொல்லுங்க சார். இப்படியே கதவத் தொறந்து போட்டுட்டு எத்தனை காலத்துக்குத்தான் தோட்டத்துல ஒத்தையா இருக்கறது?" என்றார் என்னைப் பார்த்து.

அம்புஜம் சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. "மனசு ஆறிப்போச்சுங்க. அவன் இருந்தா இந்நேரம் வந்திருப்பான். பேரூர் ஆத்துல அவனுக்குன்னு திதி குடுத்துப்போட்டு, அண்ணன் ஊட்டோட போயிரலாம்னு இருக்கேன். அண்ணி பாவம், எனக்குன்னு ரூம்புல பெயின்ட்டெல்லாம் அடிச்சு வெச்சிருக்காங்க."

முகம் தெளிந்திருந்தது. நல்லபடியாகச் சாப்பிடுகிறார் என்று தெரிந்தது. அவர் வந்து சேர்ந்திருந்த முடிவு சரியான முடிவு. அது சரி என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கோ ஏமாற்றமாக இருந்தது. ஒரு காத்திருத்தல் இப்படி ஒரு காரணமும் இல்லாமல் பெயின்ட் அடித்த அறையில் போய் முடிந்தால் நான் எதை எழுதுவது? அவர் களைத்துப் போயிருக்கிறார், அண்ணன் அவசரப்படுத்துகிறார், இது அவருடைய சொந்த முடிவு அல்ல என்று எனக்குப் பட்டது.

சீனிவாசலு களத்துப் பக்கம் போன நேரம் பார்த்துச் சொன்னேன். "உறுதியாகச் சொல்ல முடியாதுங்கம்மா. போன வாரம் காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தரைப் பார்த்தேன். புருவத்தில் தழும்பு மாதிரி இருந்தது. கூட்டத்தில் விட்டுவிட்டேன்."

அவர் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார்.

வாழ்நாளில் ஒரு பங்கேற்பாளரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதனால் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். அவர் பேரூருக்குப் போகவில்லை, அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்து காந்திபுரம் வந்துவிடுவார். ஒரு தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம். அது அவனுக்குப் பிடித்த சாப்பாடு. டவுன் பஸ்கள் திரும்புகிற இடத்தில் நின்றுகொண்டு கண்டக்டர்களிடம் போட்டோவைக் காட்டுவார். வெயில் ஏறினால் துணிக்கடை நிழலுக்கு ஒதுங்குவார், கடைக்காரர் முறைத்தால் மறுபடி வெயிலுக்கு வருவார். ஒரு தடவை மயங்கி விழுந்தார். பூக்காரப் பெண்கள்தான் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். எதிரில் இருக்கும் டீக்கடையிலிருந்து எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். நான் எழுந்து போகவில்லை. ஆய்வுக் களத்தில் நடப்பதை ஆய்வாளர் கலைக்கக் கூடாது.

லின்சி அங்கே வந்தது தற்செயல். யாரோ தோழியைப் பஸ் ஏற்றிவிட வந்திருக்கிறாள். பின்னால் ஒரு அம்மா கண்டக்டரிடம் பேசுவது காதில் விழுந்திருக்கிறது. "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க கண்ணு, என்ற பையனுங்க, கோவிச்சுட்டுப் போயிட்டான்." மாதக்கணக்காகக் காதில் மாட்டிக் கேட்ட குரல். முகம் தெரியாமல் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டாள். நான் சொல்லிக்கொடுத்த பெண்தான், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள், அவர் என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் அவள் சாலைக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். நான் டீயைக் கீழே வைத்தேன். அவள் என்னிடம் வரவில்லை, நேராக உங்களிடம் வந்துவிட்டாள். கொடுமுடிக்கு நீங்கள் ஆள் அனுப்பியதும், அப்புசாமி பிணவறையில் எடுத்த போட்டோவைப் பார்த்து ஆமாம், அவன்தான் என்றதும் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நான் யாரையும் ஆற்றில் தள்ளவில்லை. தெரிந்ததைச் சொல்லவில்லை, தெரியாததைச் சொன்னேன். அதற்குச் சட்டத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்புஜத்திடம் இன்னும் யாரும் சொல்லவில்லை, நாளைக் காலை சீனிவாசலு போய்ச் சொல்லப் போகிறார் என்று உங்கள் ஏட்டு சொன்னார். அவரை அனுப்பாதீர்கள். அவர் போட்டு உடைத்துவிட்டு, கூடவே சத்தம் போட்டு அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவார். கூட ஒரு போலீஸ்காரரைப் போட்டு என்னை அனுப்புங்கள், விலங்கு மாட்டினாலும் சரி. என் பதிவுக் கருவியை மட்டும் திருப்பிக் கொடுங்கள். அவருடைய வாயைத் திறக்க வைக்க என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சொன்னதும் அவர் முதலில் என்ன கேட்பார் என்பதுகூட எனக்குத் தெரியும். என்ற பையன் என்னைப் பத்தி என்ன சொன்னானுங்க என்று கேட்பார். சட்டம் கேட்டதால் உங்களுக்கு எழுதினேன். அவரிடம் அதைச் சொல்ல மாட்டேன். அது அவர் மகனுக்கு நான் கொடுத்த வாக்கு. இந்தக் குடும்பத்துக்கு நான் இன்றுவரை ஒரு துரோகமும் செய்ததில்லை.